மஞ்சள் துணி கட்டிய பை

கடற்கரை லாட்ஜ், அறை எண் 6
ஏப்ரல் 28

டேய் லிஃப்டு,

இந்தக் கடிதத்தை உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கழுத்துப் பொத்தானைப் போட்டால் மூச்சு நிற்கிறது, போடாவிட்டால் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறேன். லாட்ஜ் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் லக்கேஜ் பின்னாடி வருதுங்களா?" என்று கேட்டார். என் லக்கேஜை ஒரு முன்கோபக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் பையைத் திறந்து பார்த்தேன். சட்டை இரண்டு, பேன்ட் ஒன்று, துண்டு ஒன்று. மீதியெல்லாம் இரும்பு. ஸ்குரூடிரைவர் ஏழு, ஸ்பானர் மூன்று, கிரீஸ் டப்பா ஒன்று. இரண்டு வாரம் லீவு போட்டுக் கடலுக்கு வருகிறவன் கிரீஸ் டப்பாவோடு வருவானா? இந்த லாட்ஜுக்கு மொத்தமே ஒரு மாடிதான். அதற்கும் படிக்கட்டுதான், நீ ரிப்பேர் பார்க்க லிஃப்ட் கிடையாது.

நடந்ததை நீ உன் வசதிக்கு மாற்றி ஞாபகம் வைத்திருப்பாய் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். இருபது வருடமாகப் போகலாம், போகலாம் என்றே நாம் ஓட்டிய பயணம் இது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டில் பை கட்ட உட்கார்ந்தோம். என் கையில் பட்டியல் இருந்தது. தேவை, மிகத் தேவை, இருந்தால் நல்லது என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தி நீளமாகப் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். "இஸ்திரிப் பெட்டி எதுக்கு, கடலுக்கு இஸ்திரி போடப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டதும் நியாயம்தான். என் பை நிரம்பி வழிந்ததால் மிச்சத்தை உன் பையில் திணித்தோம். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. நீ சோப்பைத் தேய்த்து இழுத்துப் பார்த்தாய், பிறகு மேலே ஏறி உட்கார்ந்தாய். அதுவும் போதாமல் என் மச்சானைக் கூப்பிட்டோம். தொண்ணூறு கிலோ. அவன் உட்கார்ந்ததும் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். என் குடும்ப சைஸ் டூத்பேஸ்ட்.

துடைக்கத்தானே உன் பையைக் கட்டிலில் கவிழ்த்தேன்? அதிலிருந்து ஒரு கவுன் விழுந்தது. பிளாஸ்டிக் கவருக்குள், நீலத்தில் வெள்ளைப் புள்ளி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக்கொண்டிருந்த நேரம். அதை எடுத்து என் மேல் வைத்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். "யாருக்குடா இது, பொம்மைக்கா?" என்றேன். மச்சான் சிரித்தான், என் மனைவியும் சிரித்தாள். நீ அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாய். குளியலறைக்குப் போய் முகம் கழுவினாய். அதற்குள் மச்சான் என் சாமானையெல்லாம் என் பையிலேயே அடைத்து, இரண்டு பையையும் மூடி வாசலில் வைத்துவிட்டான். நீ வந்தாய், ஒரு பையைத் தூக்கினாய், போய்விட்டாய்.

அது என் பை. ஒரே கடையில் ஒரே சாம்பல் நிறத்தில் ஜோடியாக வாங்கியதால், குழப்பம் வரக் கூடாது என்று உன் பைக்கு மஞ்சள் துணி கட்டியவனே நீதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் ஸ்டேஷனில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரயில் நகரும் வரை ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இருபது வருடப் பயணத்தைக் கெடுப்பாயா?

இன்னொன்றும் எழுத வேண்டும். பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்துவிட்டேன். நீ முதலில் பதில் போடு.

வாத்தியார்


மே 1

மதிப்பிற்குரிய கணித ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் கனத்தில் கைப்பிடி பாதி பிய்ந்துவிட்டது. தைத்துவிட்டேன். குடை இரண்டு, கொசுவலை ஒன்று, சாக்பீஸ் டப்பா ஒன்று, எல்லாம் எண்ணிச் சரிபார்த்தாகிவிட்டது. சாக்பீஸ் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நமக்குள் இனி வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ரயில் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் யாராவது நின்றார்களா? ஒரு பெண்? பதினேழு வயது.

எனக்கு இந்த மரியாதைத் தமிழ் வரவில்லை. நேராகவே எழுதுகிறேன். அந்த ஊரை நான் கடலுக்காகச் சொல்லவில்லை. என் மகள் அங்கே இருக்கிறாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனது அந்த ஊருக்குத்தான். ஏன் போனாள் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எந்தக் கட்டடத்திலாவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவேன். பிள்ளை காய்ச்சலில் கிடந்த அன்றைக்கும் ஓடினேன். அவ்வளவுதான் கதை.

அப்புறம் நான் போகவே இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை போடுவேன். முதல் வருடம் வெட்கம். இரண்டாவது வருடம், இத்தனை நாள் போகாதவன் இப்போது எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. மூன்றாவது வருடத்திலிருந்து அது பழகிவிட்டது.

இந்த மார்ச்சில் அவளே எழுதினாள். நர்ஸ் படிப்புக்கு ரொம்ப தூரம் போகிறாளாம். போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாள். உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருந்தாள். சாம்பல் நிறப் பை, கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டியிருப்பேன் என்று பதில் போட்டேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அதற்கும் மூன்று பத்தியில் பட்டியல் போடுவாய் என்று பயந்தேன்.

அவள் வந்தாளா?

லிஃப்டு


கடற்கரை லாட்ஜ்
மே 3

லிஃப்டு,

வந்தாள்.

இதைத்தான் அன்றைக்கு எழுத முடியாமல் பேனாவை மூடினேன். இப்போதும் முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவுனைக் கையில் பிடித்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்தில் நிற்கிற நண்பனுக்கு ஒரு பிள்ளை இருப்பதைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

ரயில் நின்றதும் கடைசிப் பெட்டியிலிருந்து நான் உன் பையோடு இறங்கினேன். கூட்டம் கலைகிற வரைக்கும் தூணோரம் நின்றேன். ஒரு பெண் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். என் முன்னால் வந்து நின்றாள். மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்பா" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் பையின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "கொடுப்பா, நான் ஒரு பக்கம் தூக்கிக்கிறேன். என்னத்த வச்சிருக்க, இந்தக் கனம் கனக்குது?" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். நானும் நடந்தேன்.

பதினான்கு அடி நடந்தேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். திடுக்கிட்டுப் போய் வார்த்தை வரவில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். முதல் நான்கைந்து அடிக்கு அது உண்மை. அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்துவிட்டது. நான்தான் பேசவில்லை. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. ஐம்பது வயது வரைக்கும் யாரும் என்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நடந்துவிட்டேன். திருடினேன் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன்.

அப்புறம் நின்று, "நான் அவர் இல்லம்மா, அவரோட சிநேகிதன்" என்றேன். அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. "சாரி சார்" என்றாள். பிறகு, "அவர் வரலையா?" என்று கேட்டாள்.

அங்கே இரண்டாவது தப்பைச் செய்தேன். உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பொய் சொன்னேன். "கடைசி நேரத்துல ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சும்மா, ஆள் மாட்டிக்கிட்டாங்க, கூப்பிட்டு விட்டுட்டாங்க" என்றேன்.

"எப்பவும் யாராவது மாட்டிக்கிட்டுதான் இருப்பாங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் எங்கே தங்குகிறேன் என்று கேட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நான் எந்தப் பொய்யைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

வாத்தியார்


மே 6

வாத்தியாரே,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். உன் பையில்தான் பசை இருந்தது, இருந்தால் நல்லது பத்தியில்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு என்னென்னவோ எழுதத் தோன்றுகிறது. அது என் பிள்ளை, என் பை, எனக்கென்று வந்த சொல். பதினான்கு அடி நடந்தானாம், எண்ணினானாம். அதையும் ஒளிக்காமல் எனக்கே எழுதுகிறானாம். நேற்று வேலைக்குப் போய்விட்டு வந்து, ராஸ்கல், உன் குடையை உதைத்தேன். ஒரு கம்பி வளைந்துவிட்டது. நிமிர்த்திவிட்டேன்.

இன்று காலையில் யோசித்தேன். நீ ஒளிக்காமல் எழுதினாய். நான் ஒளித்துத்தான் எழுதியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பொம்மைப் பேச்சுக்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. இருபது வருடமாக நீ பேசாத கிண்டலா? அந்தக் கவுனை நீ உன் மேல் வைத்துப் பிடித்தாய் இல்லையா, அப்போதுதான் அதன் அளவு எனக்குக் கண்ணில் பட்டது. உன் நெஞ்சில் ஆரம்பித்து இடுப்போடு நின்றுவிட்டது. கடையில் அந்தப் பெண், "பாப்பாவுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டாள். ஒன்பது என்று சொல்லி வாங்கி வந்தேன். யோசிக்கவே இல்லை. அவள் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது, நர்ஸ் படிப்பு என்று எழுதியிருக்கிறாள், பதினேழு என்று எனக்கே தெரியும். வாய் ஒன்பது என்றுதான் சொன்னது. அவள் போன அன்றைக்கு அவளுக்கு ஒன்பது.

நீங்கள் மூன்று பேரும் சிரித்தபோது, இதைத்தானே அவளிடம் நீட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அப்பன் என்று சொல்லிக்கொண்டு போய் ஒன்பது வயதுக் கவுனை நீட்டியிருப்பேன்.

இன்னொன்று. மறுநாள் காலையில் நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உன் பையோடு பத்திரிகைக் கடைக்குப் பின்னால் நின்றேன். நீ ஜன்னலில் தலையை நீட்டித் தேடியதைப் பார்த்தேன். ஓடி வந்திருந்தால் ஏறியிருக்கலாம். ரயில் போன பிறகு எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. வீட்டுக்கு வந்து, எல்லாம் அந்த வாத்தியாரால் வந்தது என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு வசதியாக இருக்கிறது தெரியுமா? நீ அவளிடம் பொய் சொன்னாய் என்கிறாய். அன்றைக்கு லிஃப்டில் யாரும் மாட்டவில்லை, அதுதான் உன் பொய். எட்டு வருடமாக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், பாதி நாள் யாரும் மாட்டியிருக்கவில்லை.

இனி போய் என்ன ஆகப் போகிறது? அவளுக்கு எதுவும் சொல்லாதே.

லிஃப்டு


கடற்கரை லாட்ஜ்
மே 8

லிஃப்டு,

நீ சொல்லாதே என்று எழுதிய கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அவள் நேற்றே வந்து போய்விட்டாள். அதனால் உன் பேச்சை மீறினேன் என்று சொல்ல முடியாது.

லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வர மாட்டேன் என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அவர் நிஜமாவே வேலையிலதான் மாட்டிக்கிட்டாரா?" என்றாள். நான் இரண்டு தப்பு செய்தவன், மூன்றாவதையும் செய்ய மனம் வரவில்லை. "தெரியலம்மா. என்கூடச் சண்டை போட்டுட்டு நின்னுட்டான். ஆனா சண்டை போடுற அளவுக்கு அங்க ஒண்ணும் நடக்கல. பயந்துட்டான்னு நெனைக்கிறேன்" என்றேன். உன் கடிதம் வராமலே அவ்வளவு எனக்குத் தெரிந்திருந்தது. இருபது வருடம் சும்மா பழகவில்லை.

அவள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றாள். "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் வந்தேன்ல?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. உனக்குத் தெரிந்தால் வந்து சொல். பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் அவள் கிளம்புகிறாளாம். நான் நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறேன். நீ வரும்போது நான் இங்கே இருக்க வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்புகிறேன். உன் பை மேனேஜரிடம் இருக்கிறது. கவுனை யாருக்கும் காட்டவில்லை, மறுபடி மடித்துக் கவரில் போட்டிருக்கிறேன். அதைக் கொடுக்காதே. கொடு. எனக்குத் தெரியவில்லை, நீயே முடிவு செய்.

கடலுக்கு இந்தப் பத்து நாளில் இரண்டு தடவைதான் போனேன். தனியாக அலையில் கால் நனைப்பது வேலையற்ற வேலையாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் தண்ணீருக்குள் கிரீஸ் போட்டிருப்பாய். உன்னை இந்த ஊருக்குக் கூட்டி வராமல் விட்டது என் வாய்தான். வெறும் சாக்காகத்தான் அது பயன்பட்டது என்று நீ பெருந்தன்மையாக எழுதுகிறாய். சாக்கு கொடுத்தவன் நான்தானே?

பட்டியல் எதுவும் எழுதவில்லை. வந்து சேர்.

வாத்தியார்


கடற்கரை லாட்ஜ், அறை எண் 6
மே 15

வாத்தியாரே,

நேற்று அவளைப் பார்த்தேன். இன்று காலை பஸ் ஏற்றிவிட்டேன்.

வந்தது பதின்மூன்றாம் தேதி சாயங்காலமே. அன்றைக்குப் போகவில்லை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன். நேற்று காலையில் மேனேஜர், "என்ன சார், நேத்துலேருந்து அதே சட்டையிலயே இருக்கீங்க?" என்று கேட்டார். அந்த வெட்கத்தில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

மாடியில் இரண்டு அறை வீடு. அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள், வருகிறேன் என்று நான் முன்னாலேயே அட்டை போட்டிருந்ததால் தெரிந்தே போயிருப்பாள் என்று நினைக்கிறேன். கதவைத் திறந்தவள் என் கையைப் பார்த்தாள். பையை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போயிருந்தேன். பிறகு முகத்தைப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்துகொண்டாள்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றாள்.

நல்ல பிள்ளை, வாத்தியாரே. அவள் அம்மா நன்றாக வளர்த்திருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டுத்தான் போட்டாள். கேட்காமல் போடுவதற்கு அவளுக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள், சொன்னேன். இழுவைக் கம்பி அறுந்தாலும் பெட்டி விழாது, பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு இருக்கிறது என்று விளக்கினேன். "அப்படியா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். "பரவால்லங்க, வந்தீங்கல்ல" என்றாள்.

அவள் பெட்டியும் பையும் ஓரமாக இருந்தன. கட்டி முடித்திருந்தாள். ஒரு கைப்பிடி தொங்கவில்லை, ஒரு ஜிப் சிக்கவில்லை, எதன் மேலும் யாரும் ஏறி உட்கார வேண்டியிருக்கவில்லை. நம் இரண்டு பேரையும் போல ஏழு பேர் சேர்ந்தாலும் அப்படிக் கட்ட முடியாது. ஏதாவது ஒரு ஸ்குரூ கழன்றிருக்கக் கூடாதா என்று பார்த்தேன். எனக்கு அங்கே செய்ய வேலை எதுவும் இல்லை.

காலையில் பஸ் நிலையத்தில் அவள் அம்மா தள்ளி நின்றாள். நான் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "உடம்பப் பாத்துக்கங்க. லெட்டர் போடுறேன்" என்றாள். போடுவாள், சொன்னதைச் செய்கிற பெண். பஸ் போய்விட்டது.

இரண்டு நாளிலும் நான் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வாங்க என்றாள், நீங்க என்றாள். அம்மாவிடம் பேசும்போது அவர் என்றாள். அதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பது வயதிலிருந்து எனக்காக வைத்திருந்ததைப் பிளாட்பாரத்தில் எடுத்துச் சொல்லிவிட்டாள். நான் அங்கே இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. நீ நடந்த அந்தப் பதினான்கு அடியையும் நீயே வைத்துக்கொள். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். அதைக் கேட்ட காது உன்னுடையது மட்டும்தான். அவள் எப்படிச் சொன்னாள் என்று எழுது. சத்தமாகவா, மெதுவாகவா? கேள்வி கேட்கிற மாதிரி சொன்னாளா, தெரிந்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாளா? சொல்லும்போது சிரித்தாளா? உனக்குத்தான் பட்டியல் போட வருமே, ஒன்று விடாமல் எழுது.

லிஃப்டு